எல்லையின் வரலாறு: ரெற்றிஸ் ஆட்டமும் அதன் ஆட்டக்காரரும்

1

வெகுசனப் பண்பாட்டின் ஆக்கங்களை ஆராய முற்படும் முற்போக்குத் திறனாய்வு இருவகைத் தவறுகளுக்கு இடங்கொடுப்பதுண்டு. முதலாளித்துவம் மக்களுக்கு ஊட்டும் மயக்கமருந்து என முத்திரை குத்தி அவற்றை ஆராயாமலே ஒதுக்கிவிடுவது ஒன்று. மக்கள் விரும்புகின்றனர் என்ற காரணத்தை மாத்திரம் கொண்டு அவற்றை மக்கள் கலையெனப் போற்றிவிடுவது மற்றையது. இரண்டிற்கும் பொதுவான குறைபாடு, ஆராயும் பொருளை அதன் இயக்கத்தில் வைத்து நோக்காமையே.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் செய்தித்தாள்கள் பலவற்றில் ஒரு செய்தி இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், நின்ரெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட ரெற்றிஸ் என்னும் புதிர் விளையாட்டை 157ஆம் மட்டம் வரை ஆடி, அது மேற்கொண்டு இயங்கமாட்டாது உறைந்துபோகும் நிலைக்குக் கொண்டுசென்றான் என்பதே அச்செய்தி. 2023 டிசெம்பர் 21ஆந் திகதி நிகழ்ந்த இது, மனிதர் ஒருவர் அவ்வியந்திரத்தை ‘வென்ற’ முதற் சந்தர்ப்பம் எனப்பட்டது. பிரித்தானியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், வெளியே சென்று நல்ல காற்றைச் சுவாசிக்கும்படி அச்சிறுவனுக்குப் புத்தி கூறினார். ரெற்றிஸை வெல்வது வாழ்க்கை இலட்சியமாகாது என்றும் சொன்னார். ஏனைய ஊடகங்கள் மேதைச் சிறுவன் ஒருவனின் அற்புதம் என வியந்தன.

ஏளனமும் வியப்பும் இங்கு ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாயின. ‘பயனற்றது’ எனத் தள்ளியோரும் ‘அற்புதம்’ எனக் கொண்டாடியோரும் கேட்கத் தவறிய வினா ஒன்றுண்டு. முப்பத்துநான்கு ஆண்டுகளாக எவராலும் கடக்க முடியாதிருந்த ஓர் எல்லை, அந்த இயந்திரத்தில் யாதொரு மாற்றமும் ஏற்படாதிருந்த வேளையில், எவ்வாறு கடக்கப்பட்டது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எல்லை என்பது இயற்கை தந்ததா, வரலாறு தந்ததா என்னும் பெரும் பிரச்சினை இதனுள் அடங்கியுள்ளது என்பது எமது கருத்து.

2

ரெற்றிஸ் 1984இல் மொஸ்கோவில் தோன்றியது. சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் ஆய்வாளராகப் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ், ஐந்து சதுரங்களாலான துண்டுகளைப் பெட்டியொன்றில் அடுக்கும் பழைய புதிரொன்றை அடியொற்றி, நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்களைக் கொண்டு இதனை அமைத்தார். அவரிடமிருந்த எலெக்ட்ரோனிக்கா 60 என்னும் கணினிக்குப் படம் வரையும் ஆற்றல் இல்லை. ஆகவே துண்டுகளை அடைப்புக்குறி முதலிய எழுத்துக் குறிகளாலேயே காட்ட வேண்டியிருந்தது. வதிம் கெராசிமோவ் என்னும் பள்ளி மாணவர் அதனை ஐ.பி.எம். கணினிக்கு ஏற்றவாறு மாற்றியமைக்க உதவினார். அதன்பின் அது வட்டுக்களிற் பிரதிசெய்யப்பட்டுக் கைமாறிப் பரவலாயிற்று. அக்கட்டத்தில் அதற்கு விலை இருக்கவில்லை. பயன்பெறுமதி மாத்திரமே இருந்தது.

அதனைப் பண்டமாக்கிய கதை வேறு. பஜித்னோவ் தமது உரிமையைப் பத்தாண்டுகளுக்கு அரச நிறுவனத்திடம் ஒப்படைத்தார். வெளிநாட்டு விற்பனையை எலோர்க் என்னும் சோவியத் வர்த்தக அமைப்பு மேற்கொண்டது. ரொபேட் மக்ஸ்வெலின் குழுமத்தைச் சேர்ந்த மிரர்சொஃப்ற், அற்றாரியின் துணை நிறுவனமான ரெங்கென், யப்பானின் நின்ரெண்டோ ஆகியன அவ்வுரிமைக்காக மோதின. 1989இல் அமெரிக்க நீதிமன்றம் நின்ரெண்டோவின் பக்கம் தீர்ப்புக் கூறவே, ரெங்கென் தனது பதிப்பைக் கடைகளிலிருந்து மீளப்பெற நேர்ந்தது. பஜித்னோவ் 1991இல் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறினார். வர்த்தகர் ஹெங்க் றொஜேர்சுடன் இணைந்து 1996இல் நிறுவனமொன்றை அமைத்த பின்னரே தமது ஆக்கத்தின் வருவாயில் அவர் உரிய பங்கைப் பெறத் தொடங்கினார். 2023இல் வெளிவந்த ‘ரெற்றிஸ்’ திரைப்படம் இவ்வரலாற்றை ஒரு வர்த்தகரின் வீரசாகசமாகக் காட்டுகின்றது. ஆக்கியோனினும் பார்க்க ஒப்பந்தம் பெற்றவனே அதன் கதாநாயகன். பண்டமொன்றின் வரலாறு உழைத்தோரின் வரலாறாகவன்றி விற்றோரின் வரலாறாக எழுதப்படுவதற்கு இதனிலும் சிறந்த சான்று தேவையில்லை.

ஆயினும் எமது கவனத்திற்குரியது இதன் பின்னர் நிகழ்ந்ததே. சந்தையில் தன் காலம் முடிந்து, புதிய கருவிகளால் இடம்பெயர்க்கப்பட்டு, வணிகர் கைவிட்ட ஒரு பழைய பொருளை ஆட்டக்காரர் விடவில்லை. அவர்கள் பழைய இயந்திரத்தையும் பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் தேடிப் பெற்று அதனை மென்மேலும் ஆழமாக ஆடலாயினர். விற்பனைக்கென வகுக்கப்பட்ட ஆயுள் முடிந்த இடத்தில் அதன் உண்மையான வரலாறு தொடங்குகின்றது.

3

எல்லை யாது என்பதை அறிவதற்கு இயந்திரத்தின் அமைப்பைச் சற்று நோக்குதல் அவசியம். ஆடுகளம் பத்து நிரல்களும் இருபது நிரைகளும் கொண்டது. திரை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றது. ஒவ்வொரு புதுப்பித்தலையும் ஒரு கணம் எனக் கொள்வோம். தொடக்க மட்டத்தில் துண்டு ஒரு நிரை கீழிறங்க 48 கணங்கள் எடுக்கும். 18ஆம் மட்டத்தில் அது 3 கணங்களாகும். 19 முதல் 28 வரை 2 கணங்கள். 29ஆம் மட்டத்தில் ஒரே கணம். அதாவது, வெறுமையான களத்திலுங்கூடத் துண்டொன்று உச்சியிலிருந்து அடிவரை வந்துசேர மூன்றிலொரு விநாடியே ஆகும்.

துண்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் வேகமோ வேறொரு விதிக்கு உட்பட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் துண்டு ஒரு கட்டம் நகர்ந்து, 16 கணங்கள் தரித்து, அதன்பின் ஆறு கணங்களுக்கு ஒரு கட்டமாக நகரும். இத்தரிப்பை முன்கூட்டியே கழித்துவிடும் உபாயத்தை ஆட்டக்காரர் கண்டறிந்திருந்தனர். ஆயினும் ஆறு கணங்களுக்கு ஒரு கட்டம் என்ற விகிதத்தை மாற்ற அவர்களால் இயலவில்லை. 29ஆம் மட்டத்தில் இருபது கணங்களிற் துண்டு நிலத்தை அடைந்துவிடும். அவ்வேளையில் அது மூன்று நான்கு கட்டங்களே நகர்ந்திருக்கும். அடுக்கு சிறிது உயர்ந்திருந்தாலும் களத்தின் ஓரத்தை எட்டுவது முடியாத காரியம். ஆகவே நடுவிலே துண்டுகள் குவிந்து ஆட்டம் முடியும். ஆட்டக்காரர் இதனைக் ‘கொல்திரை’ என்றழைத்தனர். போட்டிகளிற் பெரும்பாலும் 18ஆம் மட்டத்திலிருந்தே ஆட்டம் தொடங்கப்படுவதால், 230 நிரைகள் அழிக்கப்பட்டதும் இக்கொல்திரை வந்துவிடும். இதற்கிடையில் எத்தனை புள்ளிகளைச் சேர்க்கலாம் என்பதே நீண்ட காலமாகத் திறமையின் அளவுகோலாயிருந்தது.

இவ்வெல்லையை வேறோர் எல்லையுடன் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. கனடாவில் 1992இல் ஜோன் பிரசுஸ்தோவ்ஸ்கி தமது முதுமாணிப் பட்ட ஆய்வேட்டில், எதிரெதிர்த் திசைகளில் வளைந்த இருவகைத் துண்டுகள் மாறிமாறி வந்துகொண்டேயிருப்பின் எத்துணை வல்லவரும் ஈற்றில் தோற்பர் என்பதற்கான வாதத்தை முன்வைத்தார். 1997இல் ஹெய்டி பர்கீல் அதனை மேலும் தெளிவுபடுத்தினார். வரவிருக்கும் துண்டுகள் யாவும் முன்னரே தெரிந்திருப்பினும் மிகச் சிறந்த ஆட்டத்தைக் கணித்தல், கணிப்புக் கோட்பாட்டாளர் மிகக் கடினமானவையென வகுத்த கணக்குகளைச் சாரும் என 2003இல் எரிக் டெமெய்னும் அவருடைய சகாக்களும் நிறுவினர். இவை கணிதத்தின் எல்லைகள். எவருடைய விரலும் இவற்றை மாற்றாது.

29ஆம் மட்டமோ அத்தகையதன்று. அது துண்டின் வேகத்திற்கும் பொத்தானை அழுத்தும் ஒரு குறிப்பிட்ட முறைக்கும் இடையிலான உறவு. ஓர் உறவை ஒரு பொருளின் இயல்பாகக் காண்பதே, மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிப் பேசுகையில் சுட்டிய மாயை. ஆட்டக்காரரும் ஏறக்குறைய இருபதாண்டுகளாக இம்மாயைக்கு ஆட்பட்டிருந்தனர்.

4

இம்மாயை உடைந்த முறையைப் படிப்படியாக நோக்கலாம். 1990இல் நின்ரெண்டோ நடத்திய உலகப் போட்டியில் தமது வயதுப் பிரிவில் வென்ற தோர் ஆக்கர்லண்ட், பொத்தானை அழுத்திப் பிடிக்காது, பெருவிரலை அதிரச் செய்து விரைந்து தட்டும் முறையைக் கையாண்டார். இதனால் 29ஐக் கடந்து 30ஆம் மட்டத்தை எட்டினார். ஆயின், பிறர் இம்முறையைக் கற்றுக்கொள்ளும் சூழல் அக்காலத்தில் இருக்கவில்லை. திறன் ஒருவரது உடலிலேயே அடைபட்டுக் கிடந்தது. ஆகையால் அது விதிவிலக்காகவே கருதப்பட்டது.

2010இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இவ்வாட்டத்திற்கென உலகச் சம்பியன் போட்டி தொடங்கப்பட்டது. முதற் பத்தாண்டுகளில் ஜோனாஸ் நியூபவர் ஏழு தடவை வென்றார். பொத்தானை அழுத்திப் பிடிக்கும் பழைய முறையின் தலைசிறந்த கலைஞர் அவர், 2021இல் காலமானார். 2018இன் இறுதியாட்டத்தில் ஜோசெப் சேலீ என்னும் பதினாறு வயது இளைஞர் விரைந்து தட்டும் முறையினால் அவரைத் தோற்கடித்தார். இவ்வெற்றியைத் தலைமுறை மாற்றமாக மாத்திரம் கொள்வது போதாது. இதற்குள் ஆட்டக்காரர் தம் ஆட்டங்களைப் பதிவுசெய்து பகிரவும், ஒருவர் ஆட்டத்தை மற்றவர் கணம் கணமாக ஆராயவும் வாய்ப்பு ஏற்பட்டிருந்தது. ஒருவரின் தனித்திறனாயிருந்தது பலரின் பொது அறிவாகியது.

அடுத்த பாய்ச்சல் 2020இன் இறுதியில் ஏற்பட்டது. இயக்குகருவியின் மேற்புறத்திற் பொத்தானின் மீது பெருவிரலை அசையாது வைத்துக்கொண்டு, கருவியின் பின்புறத்தை மறுகையின் விரல்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் ‘உருட்டல்’ முறை உருவாயிற்று. பொத்தானை நோக்கி விரல் செல்லாது, விரலை நோக்கிப் பொத்தான் வருகின்றது. ஒரு பெருவிரல் செய்த வேலையை நான்கு விரல்கள் பகிர்ந்துகொண்டமையால், விநாடிக்கு ஏறத்தாழ இருபது தட்டல்கள் இயலுமாயின. தசைக்களைப்பும் பெரிதுங் குறைந்தது. இது உழைப்புப் பிரிவினை பற்றிய ஒரு சிறு பாடம். கருவி மாறவில்லை, கருவியைப் பிடிக்கும் முறை மாறியது. அத்துடன் கொல்திரை கொல்லும் ஆற்றலை இழந்தது.

இதன்பின் ஆட்டக்காரர், ஆக்கியோரும் எண்ணிப்பாராத ஒரு பிரதேசத்தினுட் புகுந்தனர். 138ஆம் மட்டத்திலிருந்து இயந்திரம் துண்டுகளுக்குரிய வண்ணங்களை உரிய பட்டியலிலிருந்து எடுக்கத் தவறி, நினைவகத்தின் வேறு பகுதிகளிலுள்ள எண்களை வண்ணங்களாக வாசிக்கின்றது. 146ஆம் மட்டத்திலும் 148ஆம் மட்டத்திலும் துண்டுகள் இருளோடு இருளாகி, கண்ணுக்குப் புலப்படுவதே அரிதாகும். 2021இல் மனித உதவியின்றித் தானே ஆடும் செய்நிரலொன்று 230ஐயும் கடந்து சென்றது. அதன் ஆட்டத்தையும் விளையாட்டின் உட்குறிகளையும் ஆராய்ந்த அன்பர்கள், 155ஆம் மட்டத்திலிருந்து குறிப்பிட்ட சில நிலைமைகளில் இயந்திரம் நிலைகுலையும் என்பதைக் கண்டு பட்டியலிட்டனர்.

நிலைகுலைவின் காரணம் சிந்தனைக்குரியது. நிரைகள் அழியும்போது புள்ளிகளைக் கூட்டும் செய்கையை இவ்வியந்திரம் மட்ட எண்ணிற்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் செய்கின்றது. மட்டம் உயர உயரக் கூட்டலுக்கு வேண்டிய நேரமும் கூடுகின்றது. ஒரு கட்டத்தில் ஒரு கணத்தினுள் கூட்டல் முடியாமற்போக, அடுத்த கணத்தின் வேலை இடையிற் குறுக்கிடுகின்றது. அதனால் இயந்திரம் வழி தவறி உறைகின்றது. துண்டுகளை வீழ்த்துவதில் அது சளைக்கவில்லை. ஆட்டக்காரரின் உழைப்பைக் கணக்கிடுவதிலேயே அது தோற்றது. தன்னால் அளக்க இயலாத அளவிற்கு மனிதச் செயல் வளர்ந்தபோது அளவுகோலே முறிந்தது எனலாம்.

5

இனி மேதைச் சிறுவன் என்னும் புனைவுக்கு வருவோம். கிப்சனின் ஆட்டம் உண்மையான சாதனை என்பதிற் சந்தேகமில்லை. ஏறத்தாழ முப்பத்தெட்டு நிமிடங்கள் இடையறாத கவனத்துடன் அவன் ஆடினான். 155இற் கிடைத்த முதல் வாய்ப்பைத் தவறவிட்டும் கலங்காது 157இல் இலக்கை எய்தினான். ஆயினும் உருட்டல் முறையை அவன் பிறரிடமிருந்து பெற்றான். எந்த மட்டத்தில் எத்தனை நிரைகளை அழித்தால் இயந்திரம் உறையும் என்ற பட்டியலைப் பிறர் தயாரித்திருந்தனர். பயிற்சிக்கென ஆட்டக்காரர் தாமே திருத்தியமைத்த பதிப்பு விலையின்றிப் பகிரப்பட்டு வந்தது. அவனுடைய விரல்களில் ஒரு சமுதாயத்தின் அறிவு திரண்டிருந்தது.

இவ்விடத்தில் சோவியத் வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வருதல் இயல்பே. 1935 ஓகஸ்ற் மாத இறுதியில் அலெக்சி ஸ்தாக்கனோவ் என்னும் சுரங்கத் தொழிலாளி, ஏழு தொன் என்றிருந்த நியம அளவைப் பதினான்கு மடங்கு விஞ்சி, ஒரே வேலைமுறையில் 102 தொன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. அவர் வெட்டிச் செல்லச் செல்லப் பின்னின்று முட்டுக்கொடுத்த தொழிலாளரின் பெயர்கள் அவ்வறிவித்தலில் முதன்மை பெறவில்லை. அடுத்த ஆண்டில் நியம அளவுகள் பல தொழில்களில் உயர்த்தப்பட்டன. கூட்டுழைப்பின் பேறு ஒருவனது பெயரிற் சூட்டப்படுவதும், அப்பேறே மற்றையோரின் சுமையாக மாறுவதும் முதலாளித்துவத்திற்கு மாத்திரம் உரியனவல்ல. இதனை ஒளிக்காது சொல்வது மார்க்சியரின் கடமையாகும்.

6

இவ்வாட்டம் விடுதலையா, மாறுவேடமிட்ட உழைப்பா? பிளெக்கனோவ், சமுதாயத்தின் வரலாற்றில் உழைப்பே விளையாட்டிற்கு முந்தியது என்றும், தனிமனிதனது வாழ்க்கையில் விளையாட்டு முந்தி வருவது வளர்ந்தோரின் உழைப்பைக் குழந்தை போலச்செய்வதனாலேயே என்றும் விளக்கினார். ஜோர்ஜ் தொம்சன் கூட்டுழைப்பின் தாளத்திலிருந்து கவிதையின் தோற்றத்தை விளக்க முற்பட்டார். பேராசிரியர் கைலாசபதி அவரது மேற்பார்வையில் ஆய்வு செய்தவராதலின் இக்கருத்து எமது வாசகருக்குப் புதிதன்று. அக்கோட்பாட்டின் ஒளியில் நோக்குமிடத்து, ரெற்றிஸ் போலச்செய்யும் உழைப்பு எது என்பதை இனங்காண்பது கடினமன்று. மேலிருந்து ஓயாது வந்துகொண்டிருக்கும் துண்டுகள், தன் விருப்பின்படி வேகத்தைக் கூட்டும் இயந்திரம், அடுக்கி முடித்ததும் மறைந்துபோகும் வேலை என்னும் இவை யாவும் தொழிற்சாலையின் நகரும் பட்டிக்குரிய இலக்கணங்கள். சூதாடியின் கையசைவிலும் இயந்திரத் தொழிலாளியின் கையசைவிலும் வால்ரர் பென்யமின் ஓர் ஒற்றுமையைக் கண்டார். அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும், முதலாளித்துவத்தின் கீழ் ஓய்வுநேரம் உழைப்பின் நீட்சியே என வாதிட்டனர்.

இவ்வாதத்தை நாம் பெருமளவிற்கு ஏற்கின்றோம். அறுபதிலொரு விநாடிக்கு உடலைப் பழக்கிக்கொள்ளும் சிறுவன், இயந்திரத்தின் ஒழுங்கைத் தன் நரம்புகளில் ஏற்றுக்கொள்கின்றான். ஆயினும் அடோர்னோவின் வாதம் ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தவறவிடுகின்றது. தொழிற்சாலையில் வேகம் கூடும்போது அவ்வேகத்தைப் பற்றிய அறிவு தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்டு நிருவாகத்தின் உடைமையாகின்றது. இங்கோ இயந்திரத்தைப் பற்றிய அறிவு, அதன் உரிமையாளரிடத்திலும் பார்க்க அதனை ஆடுவோரிடத்திலேயே கூடுதலாக உள்ளது; அது பொதுச்சொத்தாகப் பகிரவும்படுகின்றது. தொழிலாளி இயந்திரத்திற்குப் பணிபுரியும் நிலைமை இங்கு முற்றாக நீங்கவில்லை. எனினும், இயந்திரத்தைத் திறந்து பார்த்து, அதன் விதிகளை அறிந்து, அவ்விதிகளுக்கு உள்ளிருந்தே அதனை மீறும் ஆற்றல் இங்கு முளைவிட்டிருக்கின்றது.

இம்முரண்பாடு அண்மைக்காலப் போட்டிகளிலே கூர்மையடைந்துள்ளது. உருட்டல் முறை பரவியதும் ஆட்டங்கள் முடிவின்றி நீளலாயின. ஆகவே 39ஆம் மட்டத்தில் வீழ்ச்சி வேகத்தை இரட்டிக்கும் திருத்தமொன்று போட்டிகளிற் கொண்டுவரப்பட்டது. ஆட்டக்காரர் உடைத்த எல்லையை ஆட்டக்காரரின் சமூகமே மீண்டும் நாட்டியது. 2024 ஒக்ரோபரில் மைக்கல் ஆர்ற்றியாகா, உறைவு நேராதவாறு திருத்தப்பட்ட பதிப்பில் 255ஆம் மட்டத்தையும் கடந்தார். எட்டு இருமக் கணக்கில் அதற்கு அப்பால் எண் இல்லாமையால் மட்டம் மீண்டும் பூச்சியத்திற்குத் திரும்பியது. ஒருபுறம் புதிய எல்லையை இடுவதற்காகவும் மறுபுறம் பழைய எல்லையை அகற்றுவதற்காகவும் ஒரே இயந்திரம் திருத்தப்படுகின்றது. இனிமேல் எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது இயந்திரம் தீர்மானிக்கும் விடயமாயில்லை; மனிதர் கூடி முடிவு செய்யும் விடயமாகிவிட்டது.

39ஆம் மட்டத்தை ஸ்தாக்கனோவ் காலத்து நியம உயர்வுடன் ஒப்பிடத் தோன்றலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: சாதனை நிகழ்ந்ததும் அளவு உயர்கின்றது. ஆனால், அளவை உயர்த்துவது யார், யாருடைய நலனுக்காக என்னும் வினாக்களை எழுப்பினால் வேறுபாடு புலனாகும். சுரங்கத்தில் அதனைத் தீர்மானித்தோர் நிலக்கரி வெட்டியோர் அல்லர். இங்கு விதியை வகுப்போர் அவ்விதியின் கீழ் ஆடுவோரிடையே வாழ்பவர்கள். அதனாற் பெறப்படும் உபரிப் பெறுமதியும் இல்லை. இவ்வாட்டங்களை ஒளிபரப்பி வருவாய் ஈட்டும் நிறுவனங்களின் கையில் விதிவகுக்கும் அதிகாரம் செல்லுமாயின் இவ்வேறுபாடு அழிந்துவிடும். வேறு பல விளையாட்டுகளின் வரலாறு அவ்வாறே சென்றுள்ளது.

7

ஓர் எல்லையை இயற்கையெனக் கொள்வோர் அதன்முன் பணிந்துவிடுகின்றனர். அதனை ஒரு மேதை உடைத்தான் என்போர் இன்னொரு மேதைக்காகக் காத்திருக்கின்றனர். ரெற்றிஸின் வரலாறு இவ்விரு மனப்பாங்குகளையும் மறுக்கின்றது. ஒருவரிடம் தனித்துக் கிடந்த திறன் பலருக்குரியதானபோதுதான் எல்லை அசைந்தது என்பதே அது தரும் பாடம். புறக்கணிக்கத்தக்கதெனத் தோன்றும் ஒரு துறையில் இப்பாடம் இத்துணைத் தெளிவாக வெளிப்படுவது எமது திறனாய்வாளர் கவனத்திற்குரியது.

இதனைக் கூறுவதால் இவ்வாட்டத்தை ஒரு புரட்சிகரச் செயலென நாம் உயர்த்துவதாகக் கொள்ளலாகாது. இயந்திரத்தை அறியும் ஆற்றல் விளையாட்டிற் பிறந்து, விளையாட்டுடனேயே முடிந்துவிடவும் கூடும். வேலைத்தலங்களில் இன்று மனிதரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வேகத்தை நிருணயிக்கும் செய்நிரல்கள் பெருகியுள்ளன. அவற்றின் எல்லைகளும் இயற்கையின் பெயராலேயே நியாயப்படுத்தப்படுகின்றன. 29ஆம் மட்டம் கடக்கவொண்ணாதது என நம்பிய ஒரு தலைமுறையும் அதனைக் கடந்த மறுதலைமுறையும் ஒரே இயந்திரத்தின் முன்னேதான் அமர்ந்திருந்தன. இவ்வனுபவம் விளையாட்டு மேசையிலிருந்து வேலைமேசைக்குச் செல்லுமா என்பதே இனி எழும் வினா. அதற்கான விடை விரல்களின் வேகத்திற் தங்கியிருக்கவில்லை. அவ்விரல்களுக்குரியோர் ஒன்றுசேர்வதிலேயே தங்கியுள்ளது.